மறு: குறுங்காலக் கற்றல் உதவி வகுப்புக்கு என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். ஒரு பாடத்தில் தடுமாறும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளி சிறிது காலம் தரும் கூடுதல் வகுப்பைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் ‘குறைநீக்கல்’ என்றுதான் எழுதுகிறோம். எல்லோருக்கும் புரிகிறது. புதுச்சொல் எதற்கு?

ஐயா, அந்தச் சொல்லைக் கேட்டதும் குறை பிள்ளையிடம் இருப்பதாகத்தான் மனத்தில் படுகிறது. தமிழ்நாட்டின் ‘குறைதீர் கற்பித்தல்’, இலங்கையின் ‘பரிகாரக் கற்பித்தல்’ இரண்டும் அதே குடும்பம். ஆசிரியர் பாடக்குறிப்பில் இருக்கட்டும். பெற்றோர் கைக்குப் போகும் கடிதத்துக்கு ஆகாது.

சிங்கப்பூரில் ‘கற்றல் ஆதரவு’ என்ற திட்டத்தில் நடப்பது இது. தொடக்கநிலை 1 தொடங்கியதும் பிள்ளைகளின் ஆங்கில வாசிப்பைப் பள்ளி சோதித்துப் பார்க்கும். தடுமாறுகிறவர்களை எட்டுப் பத்துப் பேராகச் சேர்த்து, அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியர் நாள்தோறும் அரைமணி நேரம் சொல்லித்தருவார். மற்ற நேரமெல்லாம் பிள்ளை தன் வகுப்பில்தான். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தேறிவிட்டால் அந்த அரைமணியும் நின்றுவிடும். 1990களிலிருந்து இருக்கும் ஏற்பாடு. கணிதத்துக்கும் உண்டு. டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புச் சிரமம் உள்ளவர்களுக்குத் தொடக்கநிலை 3, 4இல் இரண்டாண்டுப் பயிற்சி 2012இல் தொடங்கியது. தாய்மொழிக்கும் 2021 முதல் தொடக்கநிலை 3இல் இப்படியொரு ஏற்பாடு வந்திருக்கிறது.

பெற்றோர் சந்திப்புகளில் மொழிபெயர்க்க உதவிக்குப் போவேன். ஓர் அம்மா கடிதத்தை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தார். “நல்லாத்தானே பேசுறான் சார், எதுக்குத் தனியா உக்கார வைக்கிறாங்க?” என்றார். விளக்கிச் சொன்னேன். கொஞ்சம் பொறுத்து, “நான் படிச்ச இஎம்3 மாதிரியா?” என்று கேட்டார். இஎம்3 என்பது தொடக்கப்பள்ளியில் மதிப்பெண் குறைந்தவர்களைப் போட்ட கடைசிப் பிரிவு. அந்தத் தரம்பிரிப்பு 2008இலேயே எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதில் படித்தவர்கள்தான் இன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். இந்த ஊரில் வகுப்பின் பெயர் எவ்வளவு தூரம் பிள்ளையின் மேல் ஒட்டிக்கொள்ளும் என்பது அவர்களுக்குத் தெரியும். நாம் வைக்கும் சொல் அந்த அம்மாவைத்தான் முதலில் போய்ச் சேரும்.

குழுவில் வந்த ‘துணை வகுப்பு’ என்ற பரிந்துரை இங்கே செல்லாது. துணைப்பாட வகுப்பு என்றால் எங்களுக்கு டியூஷன். இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா நடத்துவதும் அந்தப் பெயரில்தான். ‘கற்றல் ஆதரவு’ திட்டத்தின் பெயராக நன்றாகவே நிற்கிறது, அதை மாற்றச் சொல்லவில்லை. வகுப்பைக் குறிக்க வாயில் நுழைகிற பொதுச்சொல் ஒன்று வேண்டும்.

என் பரிந்துரை: வழித்துணை வகுப்பு.

வழித்துணை பழகிய சொல். துணைக்கு வருபவர் நம்மைத் தூக்கிச் செல்வதில்லை, நடப்பது நாம்தான். பழக்கமில்லாத தூரம் கடந்ததும் அவர் விடைபெற்றுக்கொள்வார். நோய், ஊனம், குறை எதுவும் அதில் ஏறவில்லை. ‘வழி’ முன்னால் நிற்பதால் துணைப்பாடத்தோடும் குழம்பாது. வழித்துணை ஆசிரியர், வழித்துணை நேரம் என்று அடுத்த சொற்களும் தடையில்லாமல் வருகின்றன. “அவனுக்குப் பத்து மணிக்கு வழித்துணை” என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள், உறுத்தவில்லை.

> ‘குறுங்கால’ என்ற பொருள் சொல்லுக்குள் இல்லையே?

இல்லைதான். ஒருவனுக்கு ஓராண்டு போதும், இன்னொருத்திக்கு இரண்டாண்டு ஆகும். கால அளவைச் சொல்லில் திணித்தால் இரண்டாம் ஆண்டும் தொடரும் பிள்ளை தோற்றதுபோல் ஆகிவிடும். வரையறையில் சொல்லிக்கொள்ளலாம்.

> இதில் படிக்கும் மாணவர்களை எப்படிக் குறிப்பது?

இதற்குச் சொல் ஆக்க வேண்டாம் என்று கெஞ்சியே கேட்கிறேன். ‘மெல்லக் கற்போர்’ என்று ஒருமுறை எழுதிவிட்டால் மதிப்பெண் பட்டியல் வரைக்கும் அது கூடவே போகும். ‘வழித்துணை வகுப்புக்குச் செல்லும் மாணவர்’ என்று நீளமாகவே எழுதலாம்.

பதிவுக்கான வரையறை:

வழித்துணை வகுப்பு (பெயர்ச்சொல்): பொதுப்பள்ளியில் தன் வகுப்பிலேயே தொடரும் தொடக்கப்பள்ளி மாணவருக்கு, ஒரு பாடத்தில் தேறும்வரை, சிறு குழுவில் தரப்படும் கூடுதல் கற்பித்தல்.

ஈப்போ, யாழ்ப்பாண நண்பர்கள் தத்தம் ஊர்க் கடித வாசகத்தில் இதைப் பொருத்திப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.