பிக்கப் டிரக்கில் இரவு தங்க எந்தப் படுக்கை? அனுபவப் பகிர்வு இழை

பதிவு 1

பிக்கப்பில் முகாம் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் மெத்தையில் தொடங்குகிறார்கள். அளவு நாடாவில் தொடங்குங்கள். பின்கதவு மூடியிருக்கும்போது தொட்டியின் (கேபினுக்குப் பின்னால் சரக்கு ஏற்றும் பகுதியின்) உள்நீளம், சக்கரங்களுக்கு மேலே உள்ளே புடைத்திருக்கும் இரண்டு சக்கர மேடுகளுக்கு நடுவே உள்ள அகலம், தொட்டித் தரையிலிருந்து கேனோபியின் (தொட்டியை மேலே மூடும் கூண்டின்) உள்கூரை வரை உயரம்: இந்த மூன்றும் கையில் இல்லாமல் எதையும் வாங்க வேண்டாம்.

நான்கு கதவுள்ள நடுத்தர பிக்கப்பில் உள்நீளம் ஏறத்தாழ 1.5 மீட்டர், சக்கர மேடுகளுக்கு நடுவே ஏறத்தாழ 1.1 மீட்டர். பெரிய வகை வண்டிகளில் தொட்டி ஐந்தரை, ஆறரை, எட்டு அடி என மூன்று நீளங்களில் வரும். நேராகப் படுக்க உங்கள் உயரத்தோடு 15 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். பாதம் கவிழ்ந்து நீளும், தலையணையும் கொஞ்சம் இடம் பிடிக்கும். 1.75 மீட்டர் உயரமுள்ளவருக்கு 1.9 மீட்டர் வேண்டும். நடுத்தர வண்டியில் 40 செ.மீ. குறைகிறது.

"மூலைக்கு மூலை படுத்தால் போதும்" என்ற யோசனை அடிக்கடி காதில் விழும். 1.5 × 1.1 மீட்டர் செவ்வகத்தின் மூலைவிட்டம் 1.86 மீட்டர் என்பது கணக்குக்குச் சரி. ஆனால் அது ஒரு கோட்டின் நீளம். 50 செ.மீ. அகலமுள்ள மெத்தையைச் சாய்த்துப் போட்டால் அதன் மூலைகள் சுவரில் இடிக்கும், 1.5 மீட்டர்கூடத் தேறாது. சக்கர மேட்டுக்கு மேலே பலகை போட்டு அகலத்தை 1.45 ஆக்கினாலும் சாய்வாகக் கிடைப்பது 1.6 மீட்டர்தான். குட்டைத் தொட்டிக்கு உண்மையான வழி ஒன்றுதான்: பின்கதவை இறக்கி, அது தரும் 50 செ.மீ. அளவையும் படுக்கையோடு சேர்ப்பது.

பதிவு 2

கேனோபியும் உள்ளே பலகை மேடையும் பற்றி எழுதுகிறேன். வண்டியை நிறுத்திய ஐந்தாவது நிமிடம் படுக்கலாம், விடிந்ததும் எதையும் மடிக்காமல் கிளம்பலாம். இரவுக்கு ஓர் இடமாக நகர்பவர்களுக்கு என் முதல் தேர்வு இதுதான்.

இதில் தப்பு நடப்பது மேடையின் உயரத்தில். கேபின் கூரைக்குச் சமமான கேனோபியில் தொட்டித் தரையிலிருந்து உள்கூரை வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் கிடைக்கும். சராசரி உயரமுள்ளவர் நிமிர்ந்து உட்கார 90 செ.மீ. வேண்டும். கீழே இழுப்பறை வைக்கும் ஆசையில் 30 செ.மீ. மேடை, அதன் மேல் 10 செ.மீ. மெத்தை என்று போனால் மிஞ்சுவது 60 செ.மீ. சட்டை மாற்றுவதுகூடப் படுத்தபடிதான். மழை விடாத நாளில் அந்தப் பெட்டிக்குள் பகல் முழுக்க இருக்க முடியாது. ஓர் ஆள் என்றால் மேடையே வேண்டாம். சக்கர மேடுகளுக்கு நடுவே தரையிலேயே மெத்தை, இரண்டு பக்க மேடுகளின் மேல் சாமான் பெட்டிகள். இரண்டு பேர் என்றால்தான் சக்கர மேட்டைத் தாண்டும் மேடை தேவை. அதையும் மேட்டின் உயரத்தோடு, அதாவது 22 முதல் 25 செ.மீ. அளவில், நிறுத்திவிடுங்கள்.

கட்டுவதற்கு 12 மி.மீ. பிளைவுட் போதும், அடியில் 35 முதல் 40 செ.மீ. இடைவெளியில் குறுக்குச் சட்டங்கள் இருந்தால். சட்டம் இல்லாமல் 18 மி.மீ. பலகையை மட்டும் போடுவதைவிட இது இலகுவாகவும் உறுதியாகவும் இருக்கும். 12 மி.மீ. பிளைவுட் சதுர மீட்டருக்கு 7, 8 கிலோ, 18 மி.மீ. 11, 12 கிலோ. ஆணி அடிக்காதீர்கள், வண்டியின் அதிர்வில் மெல்லக் கழன்றுவிடும். திருகாணியும் மரப்பசையும் சேரட்டும். வெட்டிய விளிம்புகளுக்கும் சேர்த்து இரண்டு கை வார்னிஷ் பூசுங்கள். பிளைவுட் நீரை உறிஞ்சுவது முகத்தைவிட விளிம்பில்தான் அதிகம். மெத்தைக்கு அடியில் 15 செ.மீ.க்கு ஒன்றாக 40 மி.மீ. துளைகள் போடுங்கள். காரணத்தை அடுத்து வருபவர் சொல்வார் என்று நினைக்கிறேன்.

மேடையைப் பிடித்து வைக்கத் தொட்டித் தரையில் துளையிட வேண்டாம். துரு அங்கேதான் தொடங்கும். சரக்கு கட்டும் வளையங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. நான்கு மூலையிலும் டர்ன்பக்கிள் (முறுக்கி இறுக்கும் கொக்கி) போட்டு இழுத்துக் கட்டினால் நகராது. கட்டாமல் விட்ட மேடை திடீர் பிரேக்கில் கேபின் கண்ணாடியை நோக்கிப் பாயும். பலகை தகரத்தில் உரசும் இடமெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டாவிட்டால், புரண்டு படுக்கும்போதெல்லாம் கிறீச்சிடும்.

குட்டைத் தொட்டியில் பின்கதவுப் பக்கம் வரும் 50 செ.மீ. பலகையைக் கீல் வைத்து மேடையின் மேலேயே மடியும்படி செய்யுங்கள். தலை கேபின் பக்கம், கால் பின்கதவுப் பக்கம் இருக்க வேண்டும். கால்களின் எடை குறைவு, பின்கதவின் கம்பிகளுக்கும் கீலுக்கும் சுமை குறையும். கேனோபியின் பின்கண்ணாடி அப்போது திறந்தே இருக்கும் என்பதால் கொசுவலையும் மழைத்திரையும் சேர்ந்த உறை ஒன்று தைத்துக்கொள்ள வேண்டும்.

பதிவு 3

துளைகளின் காரணம் ஈரம். தூங்கும் ஓர் ஆள் மூச்சிலும் வியர்வையிலும் ஓர் இரவில் 200 முதல் 400 மி.லி. வரை நீரை வெளியே விடுகிறார். இரண்டு பேர் என்றால் 400 முதல் 800 மி.லி. வரை. மூடிய கேனோபிக்குள் அத்தனையும் குளிர்ந்த கண்ணாடியிலும் தகரத்திலும் துளியாகி, மெத்தையின் அடியிலும் படியும். மேலே உலர்ந்திருக்கும், புரட்டிப் பார்த்தால் கருப்புப் புள்ளிகள். மழை ஒழுகுகிறது என்று நினைத்து ரப்பர் பீடிங்கை மாற்றுகிறவர்கள் உண்டு. மழை பெய்யாத இரவிலும் நனைந்திருந்தால் அது மூச்சு ஈரம்தான்.

ஜன்னல் ஒன்றை மட்டும் திறந்தால் காற்று சுற்றாது. கீழே ஒரு பக்கம், மேலே எதிர்ப்பக்கம் என இரண்டு திறப்புகள் தேவை. இரண்டும் இரண்டு விரல் அகலம் இருந்தாலே வித்தியாசம் தெரியும். குளிருக்குப் பயந்து இரண்டையும் மூடுகிறவர்கள் விடியும்போது நனைந்த ஸ்லீப்பிங் பேக்கில் இன்னும் அதிகமாகக் குளிர்ந்து எழுவார்கள்.

கார்பன் மோனாக்சைடு பற்றியும் சொல்லிவிட வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. கேஸ் அடுப்பு, கரி, தொட்டிக்குள்ளேயே எரியும் ஹீட்டர் எதுவும் தூங்கும் இடத்தில் கூடாது. இஞ்சினை ஓடவிட்டுத் தூங்கவும் கூடாது. புகைக்குழாய் முடிவது நீங்கள் படுத்திருக்கும் தொட்டிக்குப் பக்கத்தில். டீசல் ஹீட்டர் வைத்தால் அதன் புகைக்குழாயும் எரிப்புக் காற்றுக் குழாயும் முழுக்க வெளியே இருக்க வேண்டும். இந்த வாயுவுக்கு மணம் கிடையாது, அடர்த்தி காற்றோடு ஏறத்தாழ ஒன்று. அதனால் எச்சரிக்கைக் கருவியைத் தரையில் வைக்காமல் படுத்தவரின் தலை உயரத்தில் மாட்டுங்கள்.

இன்னொன்று: பல கேனோபிகளின் தாழ்ப்பாள் வெளியிலிருந்து மட்டுமே திறக்கும். சரக்கு பூட்டச் செய்தது அது, ஆள் தூங்கச் செய்ததல்ல. உள்ளிருந்து இழுத்துத் திறக்கும் கம்பி பொருத்தி, இருட்டில் கைவிளக்கு இல்லாமல் திறந்து பார்த்த பிறகே முதல் இரவு.

பதிவு 4

எந்த மெத்தை வாங்கலாம் என்று யோசிப்பவர்களுக்கு. தொட்டியின் தரை உலோகம், அதற்கு அடியில் காற்று ஓடுகிறது. மண் தரையில் கதகதப்பாக இருந்த அதே மெத்தை இங்கே முதுகைக் குளிர வைக்கும். மெத்தையின் தடிமனைப் பார்க்காமல் ஆர் மதிப்பை, அதாவது சூடு கடக்காமல் தடுக்கும் திறனைக் காட்டும் எண்ணைப் பாருங்கள். 2018 முதல் ஏ.எஸ்.டி.எம். எஃப்3340 என்ற ஒரே சோதனை முறை இருப்பதால் வெவ்வேறு தயாரிப்புகளை ஒப்பிட முடிகிறது. கோடைக்கு 2 போதும், உறைநிலையை நெருங்கும் இரவுக்கு 4, பனிக்கு 5க்கு மேல். இரண்டு மெத்தைகளை அடுக்கினால் மதிப்புகள் கூடும். 2 கொடுக்கும் மூடுகண் ஃபோம் பாயின் மேல் 3 உள்ள மெத்தை போட்டால் 5.

உள்ளே காப்பு இல்லாத சாதாரணக் காற்று மெத்தைதான் மிக அதிகமாக ஏமாற்றுவது. 20 செ.மீ. தடிமன் இருந்தாலும் உள்ளே காற்று சுழன்று சூட்டைக் கீழே கடத்திவிடும். மாலையில் 25 டிகிரியில் ஊதியது விடியலில் 5 டிகிரிக்கு வரும்போது உள்ளிருக்கும் காற்று 7 சதவீதம் சுருங்கும். அது ஓட்டை அல்ல. படுக்கப் போகும் நேரத்தில் இன்னும் இரண்டு மூச்சு ஊதினால் சரியாகிவிடும். நேர்மாறாக, அடிவாரத்தில் இறுக ஊதியதை அப்படியே மலை மேலே கொண்டுபோகாதீர்கள், அங்கே காற்றழுத்தம் குறைவதால் மெத்தை உப்பித் தையல் பிரியலாம்.

தொட்டியில் நிரந்தரமாகக் கிடக்கப் போகும் மெத்தை என்றால் கன மீட்டருக்கு 30 கிலோவுக்கு மேல் அடர்த்தியுள்ள ஃபோம், 8 முதல் 10 செ.மீ. தடிமன், மூன்று துண்டாக மடியும்படி. ஒரே துண்டாக வாங்கினால் அடியில் உள்ள பெட்டியை எடுக்கும்போதெல்லாம் அதோடு மல்லுக்கட்ட வேண்டும்.

பதிவு 5

கூரைக் கூடாரம் வாங்குமுன் ஒரே ஒரு கூட்டல் கணக்கு. ஓடும்போது கூரை தாங்கும் எடை வேறு, நிற்கும்போது தாங்குவது வேறு. கையேட்டில் பெரும்பாலும் இருப்பது முதலாவது. அதுதான் கூடாரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டிய எண். கேபின் கூரைக்கு 75 கிலோ என்று போட்டிருந்து, கூடாரம் 60, ரேக் 20 என்றால் வரம்பு தாண்டிவிட்டது. நின்றிருக்கும்போது இரண்டு பேர் ஏறிப் படுப்பதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆபத்து மேடு பள்ளத்தில் ஓடும்போதுதான். கண்ணாடியிழைக் கேனோபியின் கூரை, உள்ளே உலோகச் சட்டம் இல்லாவிட்டால், கூடாரம் சுமக்கச் செய்யப்பட்டதே அல்ல.

பிக்கப்புக்கு நல்ல வழி, தொட்டியின் பக்கச் சுவர்களில் போல்ட் செய்த ரேக்கில் கூடாரத்தைக் கேபின் உயரத்துக்குக் கீழே உட்கார வைப்பது. காற்றெதிர்ப்பும் வண்டி ஆட்டமும் குறையும். ஏணியில் ஏறும் உயரமும் குறையும். நள்ளிரவில் சிறுநீருக்கு இறங்குபவர் அந்த வித்தியாசத்தை உணர்வார். ஏணியின் கால் ஈர மண்ணில் புதையாமல் அடியில் ஒரு பலகைத் துண்டு வையுங்கள். ரேக் போல்ட்டுகளை முதல் 50 கிலோமீட்டரில் ஒரு முறையும், பிறகு ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் இறுக்கிப் பார்க்க வேண்டும். நனைந்தபடி மடித்தால் ஓரிரு நாளுக்குள் விரித்துக் காய வையுங்கள், இல்லையென்றால் துணி பூஞ்சை பிடிக்கும்.

மொத்தச் சுமையையும் மறக்க வேண்டாம். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சுமை வரம்பில் ஆட்களும் அடக்கம். இரண்டு பேர் 150, கேனோபி 70, மேடை 40, நாற்பது லிட்டர் தண்ணீர் 40 கிலோ. உணவும் துணியும் ஏறுவதற்கு முன்பே 300 ஆகிவிட்டது.

பதிவு 6

தொட்டிக் கூடாரம் பற்றிச் சுருக்கமாக. எடை குறைவு, கேனோபி இல்லாத வண்டிக்குப் பொருந்தும். ஆனால் தொட்டியில் உள்ள அத்தனையையும் இறக்கினால்தான் விரிக்க முடியும், விரித்த பிறகு வண்டி நகராது. ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாள் தங்குபவர்களுக்கு, நடுவில் வண்டி எடுக்க வேண்டியிருந்தால், இதைவிடத் தரைக் கூடாரமே மேல். வாங்கும்போது தொட்டி நீளத்துக்கென்றே தைத்ததை வாங்குங்கள். மழைநீர் உள்ளே வருவது கூரை வழியாக அல்ல, பின்கதவுக் கம்பிகள் நுழையும் இடைவெளியில். மேலுறை பக்கச் சுவரின் விளிம்புக்கு வெளியே கீழிறங்கித் தொங்க வேண்டும். கம்பி இடைவெளியில் ஃபோம் குழாய்த் துண்டைச் செருகலாம். பட்டைகளின் கொக்கி படும் இடத்தில் துணி வைக்காவிட்டால் வண்ணப்பூச்சு உரியும். மூலைகளில் உள்ள வடிகால் துளைகளை மெத்தையால் அடைத்துவிடாதீர்கள்.

பதிவு 7

எந்த அமைப்பானாலும் வண்டி மட்டமாக நிற்க வேண்டும். இதை யாரும் தொடவில்லை. பக்கவாட்டில் 3 டிகிரி சாய்ந்தாலே இரவு முழுக்க ஒருவர் மற்றவர் மேல் சரிவார். இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 1.5 மீட்டர் இருந்தால் 5 செ.மீ. பலகை ஏறத்தாழ 2 டிகிரியைச் சரிசெய்யும், 8 செ.மீ. என்றால் 3 டிகிரி. ரசமட்டத்தை டாஷ்போர்டில் வைக்காமல் படுக்கும் பலகையிலேயே வைத்துப் பாருங்கள். டாஷ்போர்டும் பலகையும் ஒரே மட்டத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. பலகை மேல் ஏறிய பிறகு கைப்பிரேக்கும் கியரும் போட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். முன்பின் சாய்வை முழுக்க நீக்க முடியாவிட்டால் தலைப்பக்கம் உயரமாக இருக்கட்டும். தலை கேபின் பக்கம் என்றால் வண்டியின் மூக்கை மேட்டை நோக்கி நிறுத்த வேண்டும்.