நாய், வீணை, இருமுடி, அஸ்தி: விமானத்தில் கொண்டுபோனவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வேளச்சேரிவாசி

எங்கள் சிப்பிப்பாறை நாயை சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு எப்படிக் கொண்டுபோனோம் என்று பலர் தனித்தனியாகக் கேட்டுவிட்டீர்கள். இங்கேயே எழுதிவிடுகிறேன். உங்கள் கதையையும் கீழே போடுங்கள். நாய், பூனை மட்டும்தான் என்றில்லை, கவுண்டரில் இருப்பவர் உள்ளே போய் யாரையாவது கேட்டுவிட்டு வரவேண்டிய எந்தப் பொருளாக இருந்தாலும் சரி.

முதலில் ஒன்று. ஏர்லைன்ஸ் "ஏற்றிக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டால் பாதி வேலைகூட முடியவில்லை. ஏற்றுவது அவர்கள். பாதுகாப்புச் சோதனை வேறு ஆட்கள். போய் இறங்கும் நாட்டின் சுங்கமும் கால்நடைத் துறையும் இன்னொரு உலகம். மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் சொன்ன "சரி"யை இன்னொருவரிடம் காட்டினால் செல்லாது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு நாயைக் கொண்டுபோக வரிசைதான் முக்கியம். முதலில் 15 இலக்க மைக்ரோசிப். அதற்குப் பிறகு வெறிநாய்க்கடித் தடுப்பூசி. சிப் வைப்பதற்கு முன் போட்ட ஊசி கணக்கில் வராது. எங்கள் நாய்க்கு வருடம் தவறாமல் ஊசி போட்டு அட்டையும் வைத்திருந்தோம்; அத்தனையும் ஒதுக்கப்பட்டு, சிப் வைத்து மறுபடி முதல் ஊசி. ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்தில் எதிர்ப்புச் சக்தியை அளக்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருப்பு. ஆக, எவ்வளவு வேகமாக ஓடினாலும் நான்கு மாதம். விசா கைக்கு வந்த பிறகு நாயைப் பற்றி யோசிக்கலாம் என்றிருந்தால் நாய் இங்கேதான்.

கடைசிக் கட்டம் பள்ளிக்கரணை. அங்கே மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல், சான்றளிப்பு நிலையம் இருக்கிறது. அந்த அரசு மருத்துவர் கையெழுத்திட்ட சுகாதாரச் சான்று, நாய் அங்கே போய்ச் சேர்வதற்கு முந்தைய 10 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். அதனால் விமான டிக்கெட், மருத்துவரின் நேரம், சனி ஞாயிறு, அரசு விடுமுறை எல்லாவற்றையும் ஒரு காலண்டரில் வைத்துப் பாருங்கள். பொங்கல் வாரத்தில் கிளம்பத் திட்டமிடாதீர்கள்.

அடுத்தது கூண்டு. ஐயாட்டா (விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கம்) சொல்லும் அளவுக் கணக்கு இது: மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை உள்ள நீளம், அதோடு முன்னங்கால் உயரத்தில் பாதி. இரண்டையும் கூட்டினால் கூண்டின் நீளம். தோள் அகலத்தைப் போல இரண்டு மடங்கு கூண்டின் அகலம். நாய் நிற்கும்போது காது நுனி வரை உள்ள உயரத்தோடு விரிப்பின் தடிமனையும் சேர்த்தால் கூண்டின் உயரம். சிப்பிப்பாறைக்கு எடை இருக்காது, காலெல்லாம் நீளம். எடையைச் சொல்லி விலை கேட்டால் ஒரு தொகை, கூண்டைக் கொண்டுபோய் நிறுத்தினால் வேறு தொகை, ஏனென்றால் சரக்குக் கட்டணம் கூண்டு அடைக்கும் இடத்தையும் பார்த்துத்தான். ராஜபாளையம், கன்னி நாய்கள் வளர்ப்பவர்களுக்கும் இதே கதைதான்.

மயக்க மருந்து கேட்காதீர்கள். மருந்து கொடுத்த விலங்கை ஏற்ற மாட்டார்கள். மேலே பறக்கும்போது ரத்த அழுத்தமும் மூச்சும் எப்படிப் போகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதற்குப் பதிலாகக் கூண்டைக் கூடத்தில் வைத்து, மாதக்கணக்கில் அதற்குள்ளேயே சோறு வைத்தோம். கிளம்பும் நாளில் அதுவாகவே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. எங்கள் வீட்டில் அன்று பதறாத ஒரே ஜீவன் அதுதான்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கியதும் விலங்குகளுக்கென்றே தனிக் கூடம் இருக்கிறது. சிப்பைப் படித்துப் பார்த்து, காகிதத்தைப் பார்த்து, விட்டுவிட்டார்கள். பிறகு நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது: நாய் வரி கட்டச் சொல்லி.

மதுரை பக் அம்மா

அண்ணா, எங்களிடம் பக் இருக்கிறது. மகன் டெக்சாஸில். கொண்டுபோக முடியுமா?

வேளச்சேரிவாசி

இரண்டு தடை இருக்கும்மா. பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு மூச்சுக்குழல் குறுகல். வெப்பத்திலும் பதற்றத்திலும் திணறும். பல ஏர்லைன்ஸ் அவற்றைச் சரக்கு அறையில் ஏற்றவே மாட்டார்கள், சிலர் வெயில் மாதங்களில் மட்டும் மறுப்பார்கள்.

இரண்டாவது, அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் விதியை இறுக்கிவிட்டது. நாய்க்கு ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும், சிப் வேண்டும், படிவம் வேண்டும். இந்தியா அவர்கள் பட்டியலில் வெறிநோய் ஆபத்து அதிகமுள்ள நாடு. அதனால் இந்தியாவில் ஊசி போட்ட நாய், அனுமதிக்கப்பட்ட சில விமான நிலையங்கள் வழியாக மட்டுமே நுழையலாம். அங்குள்ள பதிவு பெற்ற பராமரிப்பு மையத்தில் முன்பதிவும் வேண்டும். டெக்சாஸுக்கு நேராக டிக்கெட் போட்டுவிடாதீர்கள். மகனிடம் முதலில் அந்த விமான நிலையப் பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீணைவாசகி

நாய்க்காவது விதி எழுதி வைத்திருக்கிறார்கள். வீணையைப் பார்த்தால் "இது என்ன கிடாரா?" என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நான் வீணையைச் சரக்கு அறைக்கு அனுப்புவதில்லை. காரணம் மெழுகு. 24 மெட்டுகளும் (தந்திக்குக் கீழே குறுக்கே இருக்கும் உலோகக் கம்பிகள்) மெழுகில் பதிந்து நிற்பவை. மே மாத வெயிலில் ஓடுதளத்தில் சரக்கு வண்டி அரைமணி நேரம் நின்றால் போதும், மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிடும். பிறகு மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுருதி பார்த்து மறுபடி மெழுகில் பதிக்க, ஆள் தேடி எங்கே போவது? அதனால் வீணைக்கு ஒரு டிக்கெட் எடுத்துவிடுவேன். இணையத்தில் பெரும்பாலும் இதைப் பதிய முடியாது, போனில் பேசித்தான் செய்ய வேண்டும். ஜன்னலோர இருக்கைதான் தருவார்கள், அவசர வழி இருக்கும் வரிசையில் தரமாட்டார்கள். அவசரமாக இறங்கும்போது யாருக்கும் குறுக்கே நிற்கக் கூடாதே. சுரைக்காயைக் கழற்றி என் கைப்பையில் வைத்துக்கொள்வேன், தந்திகளைத் தளர்த்திவிடுவேன்.

அமெரிக்காவுக்குள் பறப்பவர்களுக்கு ஒரு வசதி: 2012 சட்டமும் அதையொட்டி 2015இல் வந்த விதியும் இருக்கின்றன. ஏறும் நேரத்தில் மேல் பெட்டியில் இடம் இருந்தால் சின்ன வாத்தியத்தை மறுக்கக் கூடாது. வயலின்காரர்கள் அதை அச்செடுத்துக் கையில் வைத்திருக்கிறார்கள். ஆகவே முதல் ஆளாக ஏறப் பாருங்கள்.

எங்கள் பாட்டியின் தஞ்சாவூர் வீணையில் தந்த வேலைப்பாடு உண்டு. அதை நாட்டை விட்டு நான் எடுத்துப் போவதே இல்லை. ஏர்லைன்ஸ் ஒன்றும் சொல்லாது. அவர்களுக்கு அது ஒரு மரப்பெட்டி. தந்தம் என்று சுங்கத்தில் ஒருவர் கண்டுகொண்டால் வீணை திரும்பி வராது. வேளச்சேரிவாசி சொன்ன அந்த மூன்று பேர் கணக்கு சரிதான். மயில் தோகை விசிறி வாங்கி வெளிநாட்டுத் தோழிக்குக் கொண்டுபோகிறவர்களும் கவனியுங்கள், மயிலிறகை ஏற்றுமதி செய்ய இந்தியாவில் தடை.

மாட்டுங்கா குருசாமி

சாமி சரணம். மும்பையிலிருந்து கொச்சிக்குப் பறந்து சபரிமலை போகிறவர்கள் நாங்கள். பல வருடம் பெரிய மனக்கஷ்டம், இருமுடியில் தேங்காய் இருப்பதால் கேபினுக்குள் விடமாட்டார்கள். செக்-இன் பெட்டியோடு போடு என்பார்கள். தலையில் ஏற்றிய கட்டை பெல்ட்டில் உருட்டி விடுவதா? சில சாமிகள் ரயிலுக்கே மாறிவிட்டார்கள்.

2024 அக்டோபரில் விமானப் பாதுகாப்புப் பணியகம் அந்தப் பருவத்துக்கு விலக்கு கொடுத்தது. 2025 ஜனவரி 20 வரை இருமுடித் தேங்காயைக் கேபினில் கொண்டுபோகலாம் என்று. எக்ஸ்ரே, வெடிமருந்துத் தடய சோதனை, கையால் தொட்டுப் பார்ப்பது எல்லாம் உண்டு. விலக்கு பருவத்துக்கு மட்டும்தான், ஒவ்வொரு கார்த்திகைக்கும் அந்த வருட ஆணையைப் பார்த்துவிட்டுக் கட்டு நிறையுங்கள்.

முழுத்தேங்காயையும் கொப்பரையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கொப்பரை செக்-இன் பெட்டியிலும் கூடாது. எண்ணெய்ச் சத்து அதிகம், குவிந்து கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் சரக்கு வகையில் அதை வைத்திருக்கிறார்கள். கற்பூரமும் எளிதில் தீப்பற்றும் பொருள் கணக்கில்தான், ஆகவே இருமுடியில் வைக்காமல் எரிமேலியிலோ பம்பையிலோ வாங்கிக்கொள்கிறோம். ஒரு கன்னிசாமியின் கட்டில் கற்பூரப் பொட்டலம் இருந்து, சோதனைக்காரர் கட்டைப் பிரிக்கவேண்டி வந்தது. அவரும் மலைக்குப் போகிறவர் போல, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் தொட்டார்.

தோஹா ராம்நாட்

அண்ணே, நீங்க எல்லாம் டிக்கெட் வாங்கி ஏத்துறீங்க. நான் வேலை பாக்குற அரபி வீட்டுல வல்லூறு வச்சிருக்காங்க. குளிர்காலத்துல வேட்டைக்கு அதைத் தூக்கிட்டுப் போற கூட்டத்துல நானும் ஒருத்தன். கத்தார் ஏர்வேஸ்ல எக்கானமியில ஒரு ஆளுக்கு ஒரு வல்லூறு, ஒரு விமானத்துல மொத்தம் ஆறு, அதுதான் கணக்கு. சீட்டுல துணி விரிச்சு, காலைக் கட்டி, கண்ணை மறைக்கிற தோல் தொப்பி மாட்டி உக்கார வச்சுருவோம். தொப்பி மாட்டுனா ராத்திரின்னு நெனச்சுக்கிட்டு சத்தமே போடாது. பக்கத்து சீட்டுல அழுத குழந்தைதான் இறங்குற வரைக்கும் நிறுத்தல.

எமிரேட்ஸ் நாட்டுல 2002லேருந்து வல்லூறுக்கே பாஸ்போர்ட் இருக்கு, மூணு வருஷம் செல்லும். கால் வளையத்துல இருக்குற நம்பரும் அதுல இருக்குற நம்பரும் ஒத்துப்போகணும். காட்டுல பிடிச்ச பறவையைக் கடத்தக் கூடாதுன்னு வந்த ஏற்பாடு.

இன்னொன்னு, ஊர்லேருந்து வர்ற தம்பிங்களுக்கு. அம்மா கொடுக்குற கறி மசாலாவுல கசகசா இருக்கான்னு கேட்டு வாங்குங்க. எமிரேட்ஸ்லயும் சவூதியிலயும் அது போதைப்பொருள் கணக்கு. சென்னையில உங்க பெட்டியை ஏத்திக்கிட்டவன் கேக்க மாட்டான். அங்க இறங்குனதும் கேப்பான். "குருமாவுக்கு"ன்னு சொன்னா சிரிச்சுட்டு விட மாட்டாங்க.

சக்கரநாற்காலி

மோட்டார் சக்கர நாற்காலி பயன்படுத்துகிறேன். இங்கே யாரும் இதைச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

டிக்கெட் எடுத்ததும், 48 மணி நேரத்துக்கு முன்பே, நாற்காலியின் எடை, அளவு, பேட்டரி வகை மூன்றையும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுவேன். போனில் சொன்னது காற்றோடு போய்விடும். ஜெல் வகை பேட்டரி என்றால் நாற்காலியோடு கட்டியே அனுப்பலாம். கழற்றக்கூடிய லித்தியம் என்றால் அதைக் கழற்றிக் கேபினுக்குள் கொண்டுபோக வேண்டும்: ஒன்று என்றால் 300 வாட்-ஹவர் வரை, இரண்டு என்றால் ஒவ்வொன்றும் 160 வரை. வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்கினால் வாட்-ஹவர். என்னுடையது 24 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர், அதாவது 240.

ஒரு விமான நிலையத்தில் கவுண்டரிலிருந்த பையன் "160க்கு மேல் லித்தியம் தடை" என்று ஒரே பிடியாக நின்றான். அது கேமரா, மடிக்கணினிக்கான வரம்பு. நடக்க உதவும் சாதனத்துக்கு வேறு வரி இருக்கிறது, அதே பக்கத்தில், கொஞ்சம் கீழே. அவர்களுடைய விதியையே அச்செடுத்து, அந்த வரியில் மஞ்சள் கோடு போட்டு வைத்திருந்தேன். மேலதிகாரி வந்து படித்தார், ஏற்றினார்கள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நாற்காலியை விமானக் கதவு வரை கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள், பெட்டி வரும் பெல்ட்டில் விட்டால் கைப்பிடி விசை உடைந்துதான் வரும். ஒப்படைக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கீரிமலை மகன்

ரொறன்ரோவில இருந்து எழுதுறன். அப்பா இஞ்சதான் தவறினவர். சாம்பலை யாழ்ப்பாணத்துக் கீரிமலையில கரைக்க வேணும் எண்டது அவற்ர விருப்பம்.

மாமா ஒராள் பித்தளைச் செம்பு வாங்கி வந்தவர். தகனம் செய்த இடத்திலயே வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டினம். உலோகத்துக்குள்ள எக்ஸ்ரே பாக்க ஏலாது, பாக்க ஏலாட்டில் உள்ள விட மாட்டினம். திறந்து பாக்கிறதும் இல்லை, அது மரியாதை இல்லை எண்டு. மரப்பெட்டி ஒண்டில வைச்சு, மேல வெள்ளைத் துணி சுத்தி, கையில கொண்டு போனன். செம்பைச் சூட்கேசுக்குள்ள வைச்சுக் கொண்டுபோய் அங்க கீரிமலையில பாவிச்சம், மாமாவுக்கும் மனம் கோணேல்லை.

மரணச் சான்றிதழும் தகனச் சான்றிதழும் மேல வைச்சிருங்கோ. இடையில வளைகுடாவில பிளேன் மாறேக்க திரும்பவும் சோதனை. அங்க நிண்ட பிள்ளை மலையாளி, பேப்பரைப் பாத்திட்டுத் தட்டில வைக்கச் சொல்லேல்லை, தானே ரெண்டு கையாலயும் வாங்கி வைச்சாள்.

பெருங்குடி ஐடி

குறுக்கே ஒரு கேள்வி. பவர் பேங்க் எவ்வளவு வரை?

சக்கரநாற்காலி

கைப்பையில் மட்டும், செக்-இன் பெட்டியில் ஒருபோதும் வேண்டாம். 100 வாட்-ஹவர் வரை கேட்காமல் கொண்டுபோகலாம், 160 வரை அனுமதி வாங்கி. 20000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் 3.7 வோல்ட்டில் 74 வாட்-ஹவர். எண் அழிந்துபோன பழையதை வீட்டில் வைத்துவிடுங்கள், பிடுங்கிக்கொள்வார்கள். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசானில் நின்றுகொண்டிருந்த ஏர் பூசான் விமானம் எரிந்தது, பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்றார்கள். அதன் பிறகு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏப்ரலிலிருந்தும், எமிரேட்ஸ் அக்டோபரிலிருந்தும் பறக்கும்போது அதைப் பயன்படுத்தவே கூடாது என்றுவிட்டன.

பூனைக்காரி

சென்னை–பெங்களூரு மட்டும்தான். ஒரு பூனை. இதற்கும் இவ்வளவு இருக்கிறதா?

வேளச்சேரிவாசி

உள்நாடு என்றால் பயப்பட ஒன்றுமில்லை. தடுப்பூசி அட்டை, கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்று. ஆகாசா ஏர் 2022 நவம்பரிலிருந்து நாயையும் பூனையையும் கேபினுக்குள் ஏற்றுகிறது, கூண்டோடு சேர்த்து எடை வரம்பு உண்டு. இண்டிகோவில் உதவி நாய் தவிர செல்லப்பிராணிக்கு இடமில்லை. சோதனையில் கூண்டை மட்டும்தான் எக்ஸ்ரேக்குள் விடுவார்கள், பூனையை நீங்கள் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். ஆகவே வீட்டிலேயே உடம்புப் பட்டை மாட்டிவிடுங்கள். அந்தச் சத்தத்தில் கை நழுவினால் மீனம்பாக்கம் முழுக்கத் தேட வேண்டியிருக்கும்.

ஆனால் பெங்களூருக்கு நான் விமானமே சொல்ல மாட்டேன். முதல் வகுப்பு ஏசியில் ஒரு கூப்பே (இரண்டு படுக்கை உள்ள தனி அறை) முழுவதும் எடுத்தால் ரயிலில் கூடவே கொண்டுபோகலாம்.