இயேசு படைக்கப்பட்டவர்னு சொல்ற ஜெபக்கூட்டத்துக்கு அத்தாச்சி போறாங்க, இது பெரிய விஷயமா?

சமயநல்லூர் தம்பி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்க அத்தாச்சி மூணு மாசமா பக்கத்துத் தெருவுல ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போறாங்க, அருமையா பாடுறாய்ங்க, யாருக்காச்சும் உடம்பு சரியில்லன்னா வீட்டுக்கே வந்து கஞ்சி வச்சுக் குடுக்குறாய்ங்க, குறையே சொல்ல முடியாது. ஆனா போன வாரம் அங்க வர்ற பிரதர், இயேசு தேவன் கெடையாது, தேவன் மொதமொதல்ல படைச்ச படைப்பு, கொலோசெயர் 1:15ல 'முந்தின பேறு'ன்னு போட்டிருக்கு பாருங்கன்னுருக்கார். அத்தாச்சிகிட்ட கேட்டா "அன்பா இருக்காகல்ல தம்பி, உபதேசமா சோறு போடுது"ங்கிறாங்க. எனக்குப் பதில் வரல.

பெத்தானியாபுரம் அக்கா:
கஞ்சி வச்சுக் குடுக்குறது நல்ல காரியம் தம்பி, அதையும் இதையும் போட்டுக் கொழப்பாத. பிரதர் சொல்றது புதுசில்ல, அலெக்சாந்திரியாவுல ஆரியுஸ்னு ஒரு மூப்பர் 1700 வருசம் முன்னாடியே சொன்னதுதான், குமாரன் இல்லாத ஒரு காலம் இருந்துச்சுன்னு. அத அவரு பாட்டா கட்டித்தான் பரப்புனாரு, நீ அருமையா பாடுறாய்ங்கன்னதும் ஞாபகம் வந்துருச்சு. 325ல நிசேயாங்கிற ஊர்ல பிஷப்மாரெல்லாம் கூடி தப்புன்னு தீத்துட்டாங்க, ஆனா ஓயல, அதுக்கப்புறமும் அந்தப் போதனைய எதுத்துப் பேசுன அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியுஸ 5 தடவ நாடுகடத்துனாங்க. அந்தாளு ஏன் அவ்வளவு பிடிவாதமா நின்னாருன்னா, இயேசுவும் ஒரு சிருஷ்டின்னா அவரும் நம்மள மாதிரி தேவன் கையால உண்டானவர்தான, அவர் எப்படி நம்மளக் கொண்டுபோய் தேவனோட சேக்க முடியும், அவரத் தொழுதா அது படைப்பத் தொழுறதுதான. ஞாயித்துக்கெழம ஆராதனையில விசுவாசப்பிரமாணம்னு பாதித் தூக்கத்துல "ஜோதியில் ஜோதி, மெய்த்தேவனில் மெய்த்தேவன்"னு ஒப்பிக்கிறோமே, அது இந்தச் சண்டையில பொறந்த வரி.

வில்லாபுரத்தான்:
அக்கா சொன்னது சரி, நான் வசனத்துக்கு வர்றேன். சங்கீதம் 89:27ல தாவீத முதற்பேறு, அதாவது இதே முந்தின பேறு, ஆக்குவேன்னு இருக்கு, ஆனா தாவீது அவங்க அப்பா ஈசாய்க்குக் கடைக்குட்டி! அப்ப அந்த வார்த்த பொறந்த வரிசைய மட்டும் சொல்லல, ஒசந்த எடத்தையும் சொல்லுது. கொலோசெயர்லயே அடுத்த வசனத்துல சகலமும் அவருக்குள்ள சிருஷ்டிக்கப்பட்டதுன்னு வருது, பிரதர் அதையும் படிச்சாரான்னு கேளு. அப்போஸ்தலர் நடபடிகள்ல வர்ற பெரோயா ஊர்க்காரங்க பவுல் சொன்னதையே வேதத்தோட ஒப்பிட்டுத்தான் பாத்தாங்க. தெற்கு ஆவணி மூல வீதியில கடைக்காரர் எம்புட்டு அன்பா காபி வாங்கிக் குடுத்தாலும் நகைய உரசிப் பாக்காம வாங்குவமா என்ன?

கீழவெளி வீதி கத்தோலிக்கன்:
குறுக்க ஒண்ணு. நம்ம ஊர்ல கைதட்டுனா துருபதேசம் (தப்பான போதனை), பொட்டு வச்சா துருபதேசம், கம்மல் போட்டா துருபதேசம்னு ஒரு குரூப் திரியுது, அந்த லிஸ்ட்டோட இதச் சேத்துறாதீங்க. 1606ல மதுரைக்கு வந்த இத்தாலி நாட்டு சாமியார் தெ நொபிலி காவி கட்டி சந்தனம் பூசுனதுக்கு ரோமாபுரி வரைக்கும் பிராது போச்சு, 1623ல போப் 15ஆம் கிரகோரி அத அனுமதிச்சுட்டார். உடுப்பு வேற. இயேசு யாருங்கிறதுல தப்புனாத்தான் எங்க தாத்தா காலத்துப் பேச்சுல தப்பறை, அதாவது நெசமான துருபதேசம்.

சமயநல்லூர் தம்பி:
நன்றிக்கா, நன்றிண்ணே. வர்ற வியாழக்கெழம நானும் கூடப் போறேன், 89:27அ மெதுவா கேக்கலாம்னு இருக்கேன். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப கஞ்சி கொண்டாந்த அக்காவும் அங்கதான் ஒக்காந்திருப்பாங்க, சத்தம் போட வாய் வராது.