மொட்டைமாடித் திரையில் படம் கறுத்துவிடுகிறது, ஒலி மட்டும் வருகிறது. உதவுங்கள்

மாடிவீட்டுக்காரன்:
எங்கள் குடியிருப்பை இடித்துக் கட்டப்போகிறார்கள். அடுத்த மாதம் காலி செய்ய வேண்டும். அதற்குள் ஓர் இரவு குடியிருப்புப் பிள்ளைகள் எல்லாரையும் மொட்டைமாடியில் உட்காரவைத்து 'டிரிஃப்டிங் ஹோம்' காட்ட ஆசை. இடிபடக் காத்திருக்கும் அடுக்குமாடி ஒன்று, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு நடுக்கடலில் மிதந்து போகும் ஜப்பானிய அனிமேஷன் படம். பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் புரொஜெக்டர் பழையது, விஜிஏ என்ற பழைய வகை இணைப்பு மட்டும்தான் உண்டு. மடிக்கணினியின் எச்டிஎம்ஐ என்ற புதிய வகை இணைப்பிலிருந்து ஒரு கன்வெர்ட்டர் போட்டு இணைத்தேன். நெட்ஃபிளிக்ஸின் முகப்புப் பக்கம் சுவரில் பளிச்சென்று தெரிகிறது. படத்தை ஓடவிட்டால் திரை கறுத்துவிடுகிறது. பேச்சு கேட்கிறது, அடியில் வசன எழுத்துகள் கூட ஓடுகின்றன. யூடியூப் நன்றாக ஓடுகிறது. கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டேன். கடைகளில் டிவிடி தேடினேன், கிடைக்கவில்லை.

வயர் அண்ணன்:
தம்பி, உங்கள் கணினியில் பழுதில்லை. படம் போகும் வழி நெடுக எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பூட்டு இருக்கிறது. எதிர்முனைக் கருவி "நானும் அந்தப் பூட்டை மதிக்கிறேன்" என்று பதில் சொன்னால்தான் காட்சி வெளியே வரும். விஜிஏவுக்கு அந்தப் பதில் சொல்லத் தெரியாது. எழுத்துகளை உலாவி தனியாக மேலே வரைவதால் அவை தப்பித்து வருகின்றன. எச்டிஎம்ஐ உள்ள புரொஜெக்டர் ஒன்றை இரவல் வாங்கி, நடுவில் எதையும் செருகாமல் நேராக இணையுங்கள்.

படச்சுருள்:
ஒன்று சொல்ல வேண்டும், வருத்தத்தோடுதான். சந்தா நம் வீட்டுக்கு மட்டும். குடியிருப்பையே கூட்டி மாடியில் காட்ட அது இடம் தராது.

மாடிவீட்டுக்காரன்:
காசு வாங்கப் போவதில்லையே அக்கா. அனுமதி கேட்டால் கொடுக்க மாட்டார்களா?

படச்சுருள்:
யாரிடம் கேட்பது என்பதுதான் சிக்கல். ஜப்பானில் வழக்கமாக ஒரு படத்துக்குப் பதிப்பகம், தொலைக்காட்சி, இசை நிறுவனம் என்று பலர் கூடித் தயாரிப்புக் குழு அமைத்துப் பணம் போடுவார்கள். திரையரங்கு, டிவிடி, வெளிநாட்டு உரிமை எல்லாம் ஆளுக்கொன்றாகப் பிரியும். அப்படி விற்கப்பட்டதால்தான் 2023இல் 'சுசுமே' என்ற ஜப்பானிய அனிமேஷன் படம் நம் ஊர்த் திரையரங்குகளுக்கே வந்தது.

இந்தப் படத்தின் கதை வேறு. இதை எடுத்த ஸ்டூடியோ கொலொரிடோவின் 'எ விஸ்கர் அவே' 2020இல் திரையரங்குக்கு வரவேண்டியது. கொரோனாவால் நெட்ஃபிளிக்ஸுக்குப் போயிற்று. 2022இல் இரு நிறுவனங்களும் சேர்ந்து படங்கள் எடுப்பதாக அறிவித்தன. அந்த வரிசையில் வந்ததுதான் ஹிரோயாசு இஷிதா இயக்கிய இந்தப் படம். 2022 செப்டம்பர் 16 அன்று ஜப்பானில் திரையரங்கிலும் இணையத்திலும் ஒரே நாளில் வெளியானது. அதே நாளில் நமக்கும் கிடைத்ததற்கு நான் உண்மையாகவே நன்றி சொல்கிறேன். முன்பெல்லாம் மாதக்கணக்கில் காத்திருப்போம். ஆனால் நமக்கு இருப்பது நெட்ஃபிளிக்ஸ் என்ற அந்த ஒரே கதவு. இந்தியாவில் போய்க் கேட்க வேறு விநியோகஸ்தர் இல்லை.

வயர் அண்ணன்:
ஜப்பானிய டிவிடி கிடைத்தாலும் அவசரப்பட்டு வாங்காதீர்கள். டிவிடிகளை உலகின் பகுதிவாரியாக மண்டலம் பிரித்துப் பூட்டியிருப்பார்கள். அவர்களுடையது இரண்டாம் மண்டலம், நம்முடையது ஐந்து. இங்குள்ள பல பிளேயர்களில் ஓடாது.

படச்சுருள்:
ஒரு யோசனை. சந்தா உள்ள வீடுகள் அவரவர் கூடத்தில் ஒரே நேரத்தில் ஓடவிடலாமே?

மாடிவீட்டுக்காரன்:
நேற்று அப்படியே செய்தோம். நண்பரின் புரொஜெக்டரில் நேராக இணைத்ததும் படம் வந்துவிட்டது, அண்ணனுக்கு நன்றி. எங்கள் கூடத்தில் மகளும் அவள் தம்பியும் மட்டும். எங்களோடு சேர்த்து ஆறு வீடுகளில் ஏழு மணிக்கு ஓடவிட்டோம். படிக்கட்டில் நின்றால் மூன்று மாடியிலிருந்தும் ஒரே இசை கேட்டது. கட்டடத்தைக் கடல் சூழ்ந்த காட்சியில் என் மகள் எழுந்துபோய், சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள்.