ஆண் பேயத்தியை அடையாளம் காண உதவுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். ஏற்காட்டில் கிளியூர் அருவிப் பக்கம் ஓடைக்கரையில் நிற்கும் மரங்களின் படங்களை இணைத்திருக்கிறேன். சொரசொரப்பான இலைகள் எதிரெதிராக இருக்கின்றன, அடிமரத்திலிருந்தே காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. காட்டு அத்தி வகையான பேயத்திதான், ஐயமில்லை. இவற்றில் ஆண் மரம் எது?

நாட்டு அத்தியில் இந்தச் சிக்கல் கிடையாது. ஒரே காய்க்குள் ஆண் பூ, பெண் பூ இரண்டும் உண்டு. பேயத்தியில் ஆண், பெண் மரங்கள் தனித்தனி. ஆனால் இரண்டுமே காய்க்கும். பெண் மரத்துக் காயில் விதை பிடிக்கிறது. ஆண் மரத்துக் காய், அத்திப் பூவுக்குள் முட்டையிடும் சிறு குளவிக்குத் தொட்டில். முட்டையிட வசதியாகச் சூல்தண்டு (பெண் பூவில் சூலகத்தின் மேல் நீளும் காம்பு) குட்டையான பூக்கள் உள்ளேயும், மகரந்தப் பூக்கள் காயின் நுனியில் உள்ள வாய்த்துளையை ஒட்டியும் இருக்கும். அந்த மகரந்தத்தைக் குளவி சுமந்து போகாவிட்டால் பெண் மரத்தில் விதையே இல்லை. உண்ண உதவாது என்று ஆண் மரத்தை வெட்டுகிறார்களே, மனம் பொறுக்கவில்லை.

முதல் படத்தில் உள்ள மரத்தின் இளங்காயை அறுத்துப் பார்த்தேன். விதை தெரியவில்லை, குளவியும் இல்லை. இந்தப் பருவத்தில் உருப்பெருக்கியில் சூல்தண்டின் நீளத்தை மட்டும் வைத்து முடிவு செய்யலாமா? காயை அறுக்காமல் கண்டுபிடிக்க வழி உண்டா? சேர்வராயன் மலையில் பேயத்தியைப் பார்த்துப் பழகியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். ஆண் மரங்களுக்கு அடையாளம் கட்டி வைக்க விரும்புகிறேன்.