ஸ்கிமாட்டிக்கில் வயர் இழுப்பதா, லேபிள் போடுவதா?

புதுசாலிடர்:
கிகேடில் (போர்டு வடிவமைக்கும் மென்பொருள்) என் முதல் போர்டுக்கு ஸ்கிமாட்டிக், அதாவது சர்க்யூட் படம், முடித்தேன். அட்மெகா328பி கன்ட்ரோலர் ஐசி, 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், ஒரு டிஸ்ப்ளே, இரண்டு ரிலே. எல்லா பின்னிலும் லேபிள் போட்டேன்; ஒரே பெயர் இருந்தால் இணைந்ததாகக் கணக்கு. வயர் இழுக்கவே இல்லை. ஈ.ஆர்.சி (மென்பொருளே செய்யும் இணைப்புச் சோதனை) ஒரு பிழைகூடக் காட்டவில்லை. ஆனால் அலுவலகத்தில் மூத்தவர், "இது சர்க்யூட் இல்லை, பெயர்ப் பட்டியல். திரும்ப வரை" என்கிறார். இணைப்பு சரியாக இருந்தால் போதாதா?

மீட்டர்கை:
போதாது தம்பி. இணைப்பு மட்டும் வேண்டுமென்றால் நெட்லிஸ்ட் (எந்தப் பின் எதோடு சேர்கிறது என்ற பட்டியல்) போதுமே, படம் எதற்கு? நான் போர்டு சர்வீஸ் செய்கிறவன். ஒரு கையில் மீட்டர் புரோப், மேஜையில் பிரிண்ட் எடுத்த தாள். கிரிஸ்டல் சேரும் 9ஆம் பின்னில் "எக்ஸ்டல்1" என்று எழுதியிருந்தால், அதே பெயர் வேறு எங்கே இருக்கிறது என்று தாள் முழுக்கத் தேட வேண்டும். திரையில் நெட்டை (ஒன்றாக இணைந்த பின்கள் எல்லாவற்றையும்) ஹைலைட் செய்யலாம், தாளில் முடியுமா? வயர் இழுத்திருந்தால் கண் தானாகப் போய்விடும்.

பலதாள்:
சார், அது 28 பின் ஐசிக்குச் சரி. 144 பின் எஸ்டிஎம்32 கன்ட்ரோலர் போட்டு, வெளியே 16 பிட் ரேம் சேர்த்துப் பாருங்கள். டேட்டா, அட்ரஸ் என்று அத்தனைக்கும் வயர் இழுத்தால் இடியாப்பம்தான். நடுவில் ஒரு கோட்டை விட்டுவிட்டால் அடுத்த கோட்டில் போய் நிற்போம். லேபிள் என்றால் "எஸ்டிஏ" என்று படித்ததுமே அது ஐ2சி (ஐசிகள் இரண்டு கம்பியில் பேசிக்கொள்ளும் முறை) டேட்டா என்று தெரிகிறது. வெறும் கோடு அதைச் சொல்லாது.

மீட்டர்கை:
லேபிளை நம்பி நான் பட்டது இது. முதல் தாளில் கன்ட்ரோலரும் புரோகிராமிங் கனெக்டரும், இரண்டாம் தாளில் ரீசெட் பட்டனும் 10கே ரெசிஸ்டரும். இரண்டு தாளிலும் "ரீசெட்" என்று லோக்கல் லேபிள். லோக்கல் லேபிள் அந்தத் தாளுக்குள் மட்டும்தான் செல்லும். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பின் சேர்ந்திருந்ததால் ஈ.ஆர்.சி வாயே திறக்கவில்லை. போர்டு வந்த பிறகு பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. 5 போர்டிலும் பின்பக்கம் வயர் ஒட்டிச் சரிசெய்தேன்.

பலதாள்:
அங்கே தாள் தாண்டி இணைக்கும் ஹயரார்க்கிக்கல் லேபிளோ குளோபல் லேபிளோ போட்டிருக்க வேண்டும். ஒரே தாளில் இருந்தாலொழிய அதை வயராலும் இழுத்திருக்க முடியாதே! வயரும் ஏமாற்றும். 50 மில் கிரிடை (வரையும்போது பின்கள் அமர வேண்டிய கட்டம்) விட்டு ஒரு சிம்பல் நகர்ந்திருந்தால், கோடு பின்னைத் தொட்ட மாதிரியே தெரியும், ஆனால் சேர்ந்திருக்காது. அதையாவது ஈ.ஆர்.சி பிடித்துவிடும், சரி.

மீட்டர்கை:
லேபிளே கூடாது என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் இருக்க வேண்டியதைப் பக்கத்தில் வரையுங்கள் என்கிறேன். 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் தாளின் ஒரு மூலையில் குவித்துவிடுகிறார்கள். ஐசியின் சப்ளை பின்களில் எது 7ஆம் பின் விசிசிக்கு, எது 20ஆம் பின் ஏவிசிசிக்கு என்று லேஅவுட் போடுகிறவருக்கு, அதாவது போர்டில் பாகங்களை அடுக்குகிறவருக்கு, எப்படித் தெரியும்? அவர் இடம் கிடைத்த பக்கம் வைத்துவிடுவார்.

பலதாள்:
கெப்பாசிட்டர் விஷயத்தில் மறுக்க மாட்டேன், நானும் பின்னுக்குப் பக்கத்தில்தான் வரைகிறேன். கிரிஸ்டலும் அப்படித்தான். ஆனால் பஸ் (டேட்டா, அட்ரஸ் மாதிரி கோடுகளின் கூட்டம்), டிஸ்ப்ளே, ரிலே இதெல்லாம் லேபிளில்தான் தெளிவாக இருக்கும். இதில் நான் மாறப்போவதில்லை.

புதுசாலிடர்:
நேற்று இரவு கிரிஸ்டல் பகுதியை மட்டும் வயரால் வரைய உட்கார்ந்தேன். 9ஆம் பின், 10ஆம் பின், நடுவில் கிரிஸ்டல், இரண்டு பக்கமும் 22 பைக்கோஃபாரட் கிரவுண்டுக்கு. இரண்டாவது கெப்பாசிட்டரை இழுக்கும்போதுதான் பார்க்கிறேன், பழைய படத்தில் இரண்டு கெப்பாசிட்டரிலுமே "எக்ஸ்டல்1" என்று லேபிள் போட்டிருக்கிறேன்! 10ஆம் பின்னுக்குக் கெப்பாசிட்டரே இல்லை. ஈ.ஆர்.சிக்கு அது பிழையே இல்லை. மீட்டர்கை அண்ணா, மீதியையும் இன்று வயரால் வரைகிறேன். ரிலேவை மட்டும் லேபிளிலேயே விடுகிறேன்.