இலங்கையில ஹட்டன் பக்கம் குடிவந்து 3 வாரம், ராத்திரி நரி வருது: செல்லப்பிராணியை எப்படிக் காப்பாத்துறது?

கோவைப்பொண்ணு:
வணக்கம்ங்க. கோயமுத்தூர்ல இருந்து வந்து மூணு வாரம்தான் ஆச்சு. நேத்து ராத்திரி ஒரு மணி இருக்கும், பப்பு குலைச்ச குலைப்புல வீடே எழுந்திருச்சு. லைட்டைப் போட்டுப் பார்த்தா தேயிலைக்குள்ள ஏதோ சரசரன்னு போகுது. விடிஞ்சு பார்த்தா கீழ் வீட்டு நாயைக் காணோம். நரிதான்னு சொல்றாங்க. வீட்டுக்காரர் வர ரெண்டு நாள் ஆகும். நரியை விரட்ட இங்க என்ன மருந்து கிடைக்கும்? இன்னிக்கு ராத்திரிக்குள்ள சொல்லுங்க ப்ளீஸ்.

கூடைக்கொழுந்து:
நரின்னா முதல்ல கோழிக்கூட்டைப் பாருங்க தங்கச்சி. ஹாட்வெயார் கடையில அறுகோணக் கண் வச்ச கோழிவலை கொடுப்பாங்க, அதை நம்பாதீங்க. அது கோழியை உள்ளே வைக்கிற வலை. வெளியே இருந்து பல்லால கவ்வி இழுத்தா முறுக்கு பிரிஞ்சிரும். தரையில இருந்து 2 அடிக்கு அரை அங்குலக் கண் வெல்ட் மெஷ் அடிங்க, இல்லாட்டி கீரியும் மரநாயும் நுழையும். தரை மண்ணா இருந்தா அதே மெஷ்ஷை வெளிப்பக்கமா 18 அங்குலம் மடிச்சுப் படுக்கப் போட்டு மேலே கல்லை அடுக்குங்க. நரி கூட்டுச் சுவரை ஒட்டித்தான் தோண்டும். கால் கம்பியில பட்டா விட்டுரும், ஒன்றரை அடி தள்ளி நின்னு தோண்டுற யோசனை அதுக்கு வராது. மொத்தம் எத்தனை கோழி?

கோவைப்பொண்ணு:
கோழி இல்லைங்க. பப்பு எங்க நாய். ஒரு பூனையும் இருக்கு.

மூடுபனி:
முதல் மூணு மாசம் இங்க வந்த யாருக்கும் தூக்கம் கிடையாது. துணி காயாது, சுவர் பூத்துப்போகும், ராத்திரி தகரத்துல இலை விழுந்தாலும் ஆள் நடக்கிற மாதிரி கேக்கும். நாய் குளிருக்குக் கூட குலைச்சிருக்கும். கீழே ஒரு சாக்கை விரிச்சு, சாக்குக்கும் தரைக்கும் நடுவுல பலகை போடுங்க. வெறும் சீமெந்துத் தரை ஈரத்தை இழுத்து நாய்க்கு மூட்டுல வலி கொடுக்கும். அட்டை கடிக்குதான்னு விரல் இடுக்கையும் மூக்குத் துவாரத்தையும் தினம் பாருங்க. மூக்குக்குள்ள போன அட்டை வாரக்கணக்கா இருக்கும்.

நல்லதண்ணி ரோட்டு:
கேட்டது அட்டையைப் பத்தி இல்லையே அண்ணே.

தங்கச்சி, வளர்ந்த நாயை நரி சத்தமில்லாம தூக்கிட்டுப் போகாது. நம்ம ஊர் நரி 10 கிலோவுக்குக் கீழேதான். குட்டி நாய், பூனை, கோழி அதுக்குச் சரி. பெரிய நாயை இழுக்கப் பார்த்தா ஊரே கேக்கிற சண்டை நடக்கும். இது புலியா இருக்கலாம். இங்க தோட்டத்துல புலின்னு சொன்னா சிறுத்தைதான், வரிப்புலி இலங்கையில கிடையாது. நாய் அதுக்குப் பிடிச்ச சாப்பாடு.

நீங்க சொல்லாத விஷயம்தான் எங்களுக்கு வேணும். பப்பு எத்தனை கிலோ? ராத்திரி எங்க படுக்குது? கட்டிப் போடுறீங்களா? வீடு லயமா (வரிசை வீடு), தோட்டத்துக் குவார்ட்டர்ஸா, தனி வீடா? தேயிலை மலை வாசல்ல இருந்து எத்தனை அடி? கீழ் வீட்டு நாய் கட்டியிருந்துச்சா, அவிழ்த்து விட்டிருந்தாங்களா?

இன்னொரு வேலை. பீலியடியிலயோ (தண்ணி பிடிக்கிற இடம்) கான் (வடிகால்) ஓரத்துலயோ சேறு இருந்தா கால் தடம் தேடுங்க. பக்கத்துல ஒரு தீப்பெட்டியை வச்சுப் படம் எடுங்க. தீப்பெட்டி நீளம் சுமார் 2 அங்குலம். நரித் தடம் அந்த நீளத்தைத் தாண்டுறது குறைவு, நீள்வட்டமா இருக்கும், நாலு விரலுக்கு முன்னாடியும் நகம் குத்தின புள்ளி தெரியும். புலித் தடம் வட்டமா, 3 அங்குல அகலத்துக்கு வரும், நகம் தெரியாது, குதிங்காலுக்குப் பின்னாடி மூணு மடிப்பு இருக்கும். அஞ்சு விரல் தெரிஞ்சா மரநாய் இல்லாட்டி கீரி. தடமே இல்லைன்னா சாயந்தரம் வாசல்ல 3 அடிக்கு 3 அடி, சலிச்ச மணலை அரை அங்குலக் கனத்துக்குப் பரப்பி வைங்க. மழைதான் விடணும்.

பதுளைப்பிட்டி:
எதுக்கெடுத்தாலும் புலின்னு சொல்லிப் பயம் காட்டாதீங்க. காணாமப் போற நாய் பல நேரம் பன்றிக்கு வச்ச கம்பிச் சுருக்குல கிடக்கும். முதல்ல கீழ் வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டுப் பகல்ல மரக்கறித் தோட்ட வேலி ஓரமா நடந்து பாருங்க. மோட்டார் சைக்கிள் கிளட்ச் கேபிள்ல வளையம் போட்டு, தரையில இருந்து ஓரடி உயரத்துல மறைச்சு வச்சிருப்பாங்க. நாய் உயிரோட கிடந்தா வளையத்தை இழுக்காதீங்க, இழுக்க இழுக்க இறுகும். தலையில ஒரு சாக்கைப் போட்டுட்டு, வளையத்துல கை வைக்காம, மரத்துல கட்டியிருக்கிற பக்கத்தைக் கம்பி வெட்டியால வெட்டுங்க. வளையத்தை மிருக வைத்தியர் எடுக்கட்டும். நசுங்கின சதையில அடைஞ்ச ரத்தம் திடீர்னு திறந்தா நாய் அங்கேயே போயிரும்.

நல்லதண்ணி ரோட்டு:
அதுவும் சரிதான். 2020 மே மாசம் நல்லதண்ணிப் பக்கம் லக்ஷபான தோட்டத்துல கருஞ்சிறுத்தை மாட்டினதும் இந்த மாதிரிச் சுருக்குலதான். உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் பிழைக்கல. அதனால ஒண்ணு: வளையத்துல கிடக்கிறது நாய்தான்னு தூரத்துல இருந்தே நிச்சயம் பண்ணிக்கிட்டுக் கிட்டப் போங்க. புலின்னா 1992 நம்பருக்குக் கூப்பிடுங்க, வனஜீவராசிகள் திணைக்களம். கிட்டப் போய்ப் படம் எடுக்க வேணாம். கம்பியில கிடக்கிறது ஆள் கூடக் கூடத் துள்ளும், துள்ளினா இடுப்புல ஏறின கம்பி இன்னும் இறுகும், அறுந்துச்சுன்னா அதுக்கு முன்னாடி நிக்கிறது நீங்க.

லீக்ஸ்பாத்தி:
சோலார் சென்சர் லைட் ரெண்டு, விடிய விடிய ஒரு ரேடியோ. வேலை முடிஞ்சுது.

பதுளைப்பிட்டி:
ஹட்டன்ல ஜூன், ஜூலை மழைக்கு சோலார் லைட்டா? மூணு நாள் மூடம் போட்டா பேட்டரி ராத்திரி ஒன்பது மணிக்கே படுத்துரும், அவங்களுக்கு ஒரு மணிக்குத்தான் வெளிச்சம் வேணும். மெயின் லைன்ல 20 வாட் எல்ஈடி ஒண்ணை ஓட்டுக்குக் கீழே, மழை படாம போட்டா போதும். ரேடியோவுக்கு ஒரு வாரத்துல பழகிரும், புலிக்கும் சரி, நரிக்கும் சரி. வெளிச்சம் நமக்குத்தான் உதவும், கதவைத் திறக்க முன்னாடி வாசலைப் பார்க்கலாம்.

கோவைப்பொண்ணு:
பப்பு 9 கிலோ. குவார்ட்டர்ஸ்தாங்க, பின்பக்கம் 15 அடியில தேயிலை ஆரம்பிக்குது. திருட்டு பயத்துக்காக முன் தூண்ல சங்கிலி போட்டுக் கட்டுவோம். அஞ்சடி உயரத்துக்குக் கம்பி வேலி இருக்கு. கீழ் வீட்டு நாயும் கட்டித்தான் இருந்துச்சாம், பட்டை அறுந்து கிடந்திருக்கு. கான் ஓரத்துல ஒரு தடம் பார்த்தேன். தீப்பெட்டியை நீளவாட்டுல வச்சாலும் ரெண்டு பக்கமும் கொஞ்சம் மிச்சம் தெரியுது. நகம் தெரியலை.

நல்லதண்ணி ரோட்டு:
அப்ப நரி இல்லை. இன்னைக்கே சங்கிலியைக் கழட்டுங்க. கட்டின நாய் ஓடவும் முடியாது, வீட்டுக்குள்ள நுழையவும் முடியாது. அது குலைச்சுக் குலைச்சு "இங்கதான் இருக்கேன்"னு கூப்பிடுது, அவ்வளவுதான். அஞ்சடி வேலியை சிறுத்தை ஒரே தாவுல தாண்டும், 10 அடி உயரத்துக்கு எழும்பும். வேலியை உயர்த்திக் காசைக் கொட்டாதீங்க. கூரை இல்லாத எதுவும் அதுக்குக் கணக்கில்லை.

இன்னைக்கு ராத்திரிக்கு: அஞ்சரைக்குப் பூனைக்கும் பப்புக்கும் உள்ளே சோறு வைங்க. பகல்ல பூனைக்கு ஒண்ணும் வைக்காதீங்க, பசிச்சாத்தான் நேரத்துக்கு வரும். ஆறு மணிக்குக் கதவைச் சாத்திருங்க, ரெண்டும் குசினியிலயே (சமையலறை) படுக்கட்டும். வெளியே சோத்துத் தட்டு, மீன் கழிவு, குப்பை எதுவும் இருக்கக் கூடாது. குப்பைக்கு நரியும் பன்றியும் தெருநாயும் வரும், தெருநாய்க்குப் பின்னாடி மத்தது வரும். பப்பு ஒண்ணுக்குப் போகணும்னா ஆறு மணிக்கு முன்னாடி ஒரு தடவை. ராத்திரி குலைச்சா ஜன்னலால டோர்ச் அடிங்க, சத்தம் போடுங்க. கதவைத் திறக்காதீங்க. ஓடி வெளியே போற நாயைப் பின்னாடி துரத்திக்கிட்டுப் போறதுலதான் ஆளுக்கு ஆபத்து.

மருந்துன்னு கேட்டீங்களே, விஷம் வைக்கிற பேச்சே வேணாம். சிறுத்தை 1937 ஆம் ஆண்டு வனவிலங்குக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழே பாதுகாப்புல உள்ள மிருகம், வழக்கு வரும். அதுக்கு முன்னாடி உங்க பூனை அந்த இறைச்சியைத் தின்னும். வேலிக்கு வீட்டுக் கரண்டைக் கொடுக்கிற ஐடியாவை யாராவது சொன்னா அவங்களை வாசல்ல சேர்க்காதீங்க. அதுல சாகிறது பெரும்பாலும் மனுஷர்தான்.

மூடுபனி:
குசினியில நாயா? இட்லி மாவுப் பாத்திரத்தை மேலே தூக்கி வைங்க. ஆனா இங்க மாவு எங்க புளிக்குது!

கோவைப்பொண்ணு:
ஐயோ அதைக் கேக்கணும்னு இருந்தேன். ரெண்டு நாள் வச்சாலும் அப்படியே இருக்கு.

கூடைக்கொழுந்து:
அரைக்கும்போது வெந்நீர் கலந்த தண்ணி, கை பொறுக்கிற சூடு. உப்பைப் புளிச்ச பிறகு போடுங்க. மாவுப் பாத்திரத்தைப் பெரிய சட்டியில வெதுவெதுப்பான தண்ணிக்குள்ள வச்சு, கம்பளியால சுத்துங்க. 14, 16 மணி நேரம் எடுக்கும். வெந்தயம் ஒரு தேக்கரண்டி கூடவே ஊறப் போட்டா பொங்கும்.

லீக்ஸ்பாத்தி:
மாவு புளிக்காது, துணி காயாது, கேஸ் தீர்ந்தா வர நாலு நாள், பஸ்ஸுல இடம் கிடையாது. சீமைன்னு சொல்லி வந்து என்னத்தைக் கண்டோம்?

வெல்டிங்கடை:
எல்லாரும் சேர்ந்து அந்தப் பிள்ளையைத் திரும்ப ஊருக்கு அனுப்பிருவீங்க போல. கூட்டைப் பத்தி யாரும் சொல்லலையே.

9 கிலோ நாய்க்கு 6 அடி நீளம், 4 அடி அகலம், 5 அடி உயரம். சட்டம் ஒன்றரை அங்குல ஜிஐ பாக்ஸ் பார் (துத்தநாகம் பூசின சதுர இரும்புக் குழாய்). மெஷ் 10 கேஜ், 2 அங்குலக் கண். 14 கேஜ் மெல்லிசு விலை குறைவுன்னு தருவாங்க, வேணாம். மெஷ் சட்டத்துக்கு வெளிப்பக்கம் வரணும். அது வெளியே இருந்து தள்ளும்போது பாரம் சட்டத்துல விழும். உள்பக்கம் வச்சுப் பற்றவைச்சா தள்ளத் தள்ள வெல்டுப் புள்ளி ஒவ்வொண்ணா விட்டுக்கொடுக்கும். மேலேயும் மெஷ், அதுக்கு மேலே தகரம். தகரத்தை மட்டும் ஆணியில அடிச்சா ஓரத்துல நகத்தைக் கொடுத்துச் சுருட்டிரும்.

2 அங்குலக் கண்ணால நகம் உள்ளே வரும். அதனால கீழ் 2 அடிக்கு உள்பக்கம் தகரம் அடிங்க. நாய் படுக்கிற பெட்டி எந்தப் பக்க மெஷ்ஷுக்கும் ஓரடி தள்ளி நடுவுல இருக்கட்டும். வெளியே தெரியாட்டி நாய் குலைக்கிறதும் குறையும். கதவு வெளிப்பக்கமாத் திறக்கணும், சட்டத்தை விட அரை அங்குலம் பெருசா இருந்து அதுமேல வந்து உக்காரணும். மேலே ஒரு கொண்டி, கீழே ஒரு கொண்டி, கீழே உள்ளதுக்கு ஆமைப்பூட்டு. நடுவுல மட்டும் கொண்டி வச்ச கதவு கீழ் மூலையில வளைஞ்சு கொடுக்கும்.

பற்றவைச்ச இடத்துல ஜிஐ பூச்சு எரிஞ்சு போயிரும். நம்ம ஊர் மூடத்துக்கு முதல் துரு அங்கதான் வரும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு, ரெட் ஒக்சைட் ஒரு கோட், பெயின்ட் ரெண்டு கோட் அடிக்கணும். தரைக்கு 3 அங்குல கொங்கிரீட், 6 அடி நீளத்துக்கு 2 அங்குலம் சரிவு, கழுவின தண்ணி நிக்காது.

குவார்ட்டர்ஸ்னா கொங்கிரீட் போட முன்னாடி தோட்டத் துரைகிட்ட (மேனேஜர்) எழுத்துல கேளுங்க. விடலைன்னா அடியிலயும் அதே 10 கேஜ் மெஷ் அடிச்சு, மேலே சீமெந்துப் பலகைக்கல் பரப்புங்க. ஆறு பக்கத்தையும் தனித்தனிச் சட்டமா செஞ்சு போல்ட் நட் போட்டு இணைச்சா, இடம் மாறும்போது கழட்டி லொறியில ஏத்தலாம். நட் உள்பக்கம்.

பதுளைப்பிட்டி:
புலியைப் பத்தியே பேசி விசர்நாய்க்கடியை (ரேபிஸ்) மறந்துட்டோம். பப்புவுக்கு இந்தியாவுல போட்ட ஊசி அட்டையை எடுத்துப் பாருங்க, 12 மாசம் தாண்டியிருந்தா அரச மிருக வைத்திய அலுவலகத்துல போட்டுருங்க. பூனைக்கும் வேணும். பகல் வெளிச்சத்துல பயமில்லாம வாசல் வரை வர்ற நரி, தள்ளாடுற நரி, இதையெல்லாம் விரட்டக் கூடக் கிட்டப் போகாதீங்க. உங்களையோ வீட்டுல யாரையோ கடிச்சா, பிறாண்டினா, சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவி நேரா அரச ஆஸ்பத்திரி. தடுப்பூசிக்குக் காசு இல்லை. வீட்டு நாய் கடிச்சா 14 நாள் பார்ப்பாங்க, காட்டு மிருகத்துக்கு அந்தக் கணக்கு இல்லை. சண்டை போட்டு வந்த நாயோட காயத்தையும் வெறுங்கையால தொடாதீங்க, பொலித்தீன் பையையாவது மாட்டிக்கிட்டுக் கழுவுங்க, அன்னைக்கே வைத்தியர்கிட்ட காட்டுங்க.

நல்லதண்ணி ரோட்டு:
காலையிலயும் ஆறரைக்குப் பிறகுதான் நடத்திக் கூட்டிட்டுப் போகணும், நாலடிக்கு மேல வார் விடாதீங்க. தேயிலை ஓரமும் மாணாப்புல் பக்கமும் வேணாம், தார் ரோட்டுல போங்க. நேருக்கு நேர் பார்த்துட்டா ஓடாதீங்க, குனியாதீங்க. பப்புவைத் தூக்கிக்கிட்டு, உரக்கப் பேசி, முதுகைக் காட்டாம பின்னுக்கு வாங்க. அது போக ஒரு பக்கம் திறந்து இருக்கணும். கீழ் வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு கிராம உத்தியோகத்தர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க. தடத்தோட படத்தையும் காட்டுங்க.

கோவைப்பொண்ணு:
ரெண்டும் குசினியிலதான். பூனை அஞ்சு நாற்பதுக்கே வந்துருச்சு. குசினிக் கதவுக்குக் கீழே நாலு அங்குல இடைவெளி இருக்குங்க, பரவாயில்லையா?

வெல்டிங்கடை:
சிறுத்தைக்குப் பத்தாது, ஆனா பப்பு மூக்கை வெளியே நீட்டும், வெளியே உள்ளது கையை உள்ளே விடும். இன்னைக்கு அம்மிக்கல்லையோ அரிசி மூட்டையையோ உள்பக்கமா நெருக்கி வைங்க. நாளைக்கு 6 அங்குலப் பலகை ஒண்ணை வெட்டி, ஒன்றரை அங்குல ஸ்க்ரூ ஆறு போட்டுக் கதவோட அடியில இறுக்கிருங்க. கதவு உள்ளே திறக்கும்னா தரையில அரை அங்குலம் விட்டு அடிங்க, மழைக்குப் பலகை ஊதும்.

கோவைப்பொண்ணு:
அரிசி மூட்டை 10 கிலோதான் இருக்கு. அம்மியை உருட்டிட்டு வர்றேன்.